வியர்வையின் கணக்கு: கோலார் தங்க வயலும் நீரிழிவின் நரம்புச் சிதைவும்

1946ஆம் ஆண்டு லண்டனின் சுரங்க உலோகவியல் கழகத்து வெளியீட்டில் ஆந்தனி காப்லன், ஜே. கே. லிண்ட்சே ஆகிய இருவர் எழுதிய ஆய்வறிக்கை ஒன்று வந்தது. ஆழ்சுரங்கத் தொழிலாளரின் வேலைத்திறனை உயர்வெப்பம் எவ்வாறு பாதிக்கிறது என்பது அதன் பொருள். ஆய்வு நடந்த களம் கோலார் தங்க வயல். காற்றின் வெப்பமும் ஈரமும் ஏற ஏற ஒரு மனிதன் செய்யக்கூடிய வேலையின் அளவு எப்படிச் சரிகிறது என்பதை அவ்வறிக்கை கணக்கிட்டது. வெப்ப உடலியங்கியல் பற்றிப் பின்னர் எழுந்த இலக்கியம் அதை நெடுங்காலம் மேற்கோள் காட்டியது. தங்கள் உடலால் அந்த எண்களைத் தந்தவர்கள் அம்மேற்கோள்களில் ஒரு வளைகோட்டின் புள்ளிகளாக மட்டுமே எஞ்சுகின்றனர்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1945இல், அமெரிக்க மருத்துவர் வேன் ரண்டில்ஸ் நீரிழிவு நோயாளிகள் 125 பேரின் நரம்புக் கோளாறுகளைத் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். கால் மரத்துப்போதல், எரிச்சல் போன்ற தெரிந்த அறிகுறிகளோடு அவர் நின்றுவிடவில்லை. வியர்வை வற்றிய தோல், எழுந்து நின்றவுடன் சரியும் இரத்த அழுத்தம், இயக்கம் குன்றிய இரைப்பை, உணர்விழந்த சிறுநீர்ப்பை ஆகியவற்றையும் ஒரே சிதைவின் பல முகங்களாக அவர் கண்டார். நீரிழிவினால் தானியங்கு நரம்பு மண்டலம் கெடுவதை முதன்முதலில் விரிவாக வகுத்துரைத்த கட்டுரையாக அது கருதப்படுகிறது.

இவ்விரு கட்டுரைகளும் வெவ்வேறு உலகங்களுக்கு உரியவை. முன்னது சுரங்கப் பொறியாளர் படிப்பது, பின்னது நோயியல் மருத்துவர் படிப்பது. ஆயினும் இரண்டும் ஆராய்ந்த உறுப்பமைப்பு ஒன்றே. கோலாரில் அது முழுவேகத்தில் இயங்கியபோது அளக்கப்பட்டது. அமெரிக்காவில் அது அணைந்துகொண்டிருந்தபோது விவரிக்கப்பட்டது. முதல் அளவீட்டுக்கு உள்ளான தொழிலாளர் சமூகமே, இரண்டு தலைமுறை கடந்து, இரண்டாவது கட்டுரையின் நோயை எதிர்கொள்கிறது. இடைப்பட்ட காலத்தில் எவை அளக்கப்பட்டன, எவை அளக்கப்படவில்லை என்பதே இங்குக் கேள்வி.

‘தானியங்கு நரம்பு மண்டலம்’ என்னும் பெயருக்கு மூலமான ஆங்கிலத் தொடரை 1898இல் கேம்பிரிட்ஜ் உடலியங்கியலர் ஜான் நியூபோர்ட் லாங்லி வழங்கினார். இதயத்துடிப்பு, குழாய்களின் சுருக்கம், குடல் அசைவு, வியர்வை, கண்மணியின் விரிவு என மனத்தின் கட்டளைக்குக் காத்திராமல் நடப்பவை அனைத்தும் அதன் ஆட்சியில் உள்ளன. பரிவு நரம்புகள் உடலை முடுக்க, இணைப்பரிவு நரம்புகள் அடக்குகின்றன என்று பாடநூல்கள் சுருக்கிச் சொல்லும். சுருக்கம் வசதியானதே, ஆனால் வியர்வையை அது மறைத்துவிடுகிறது. வியர்வைச் சுரப்பியை இயக்குவது பரிவு நரம்புதான் எனினும், அங்கே அது வெளியிடும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். பரிவு நரம்பு முனைகள் பெரும்பாலும் வெளியிடும் நார்அட்ரினலின் அன்று. நீரிழிவில் மிக முன்னதாகவே கெடும் நார்களுள் இந்த மெல்லிய வியர்வை நார்களும் அடங்கும்.

இந்த நார்களின் மீதுதான் தங்க வயல் நின்றது என்றால் மிகையாகாது. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் அங்குக் கால்வைத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையாகக் குடிபெயர்ந்தவர்களே சுரங்கத்தில் இறங்கினர். தமிழ் பேசும் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் அவர்களுள் பெரும்பான்மை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றானது. அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. (அதே வயலின் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டதை இயற்பியல் வரலாறு பெருமையுடன் குறித்துவைத்துள்ளது. அந்த வெப்பத்தில் நாள்தோறும் எட்டு மணிநேரம் நின்றவர்களுக்கு அத்தகைய வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.)

அத்தகைய இடத்தில் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். வெப்பத்துக்குப் பழகிய தொழிலாளி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்க வல்லவன். அந்தப் பழக்கம் இரண்டு வாரத்திற்குள் உடலில் படிகிறது. வியர்வை முன்னதாகத் தொடங்குகிறது, மிகுதியாகச் சுரக்கிறது, அதில் கரைந்து வெளியேறும் உப்பு குறைகிறது, இதயத்தின் படபடப்பும் தணிகிறது. காற்று ஈரமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் வெறுமனே சொட்டும். ஈரக்குமிழ் வெப்பமானியின் அளவே மனிதத் தாங்குதிறனின் எல்லையைத் தீர்மானிக்கிறது என்பதை ஜே. எஸ். ஹால்டேன் 1905இலேயே விளக்கியிருந்தார். தென்னாப்பிரிக்க ஆழ்சுரங்கங்களில் புதிய தொழிலாளரின் வெப்பத் தாங்குதிறனைச் சோதித்து வகைப்படுத்தும் முறைகளைப் பற்றி டிரியோஸ்டி 1935இல் எழுதினார். காப்லன், லிண்ட்சே ஆய்வு இந்த வரிசையில் வருவது. அதன் நோக்கத்தை இழிவாகக் கருதத் தேவையில்லை. எவ்வளவு காற்றோட்டம் வேண்டும், எந்த வெப்பத்துக்கு மேல் வேலை வாங்குவது வீண் என்பவை தொழிலாளியின் உயிருக்கும் பயன்பட்ட கேள்விகளே. ஆனால் கேள்வி எழுந்த இடம் உற்பத்தி என்பதையும் மறைக்க இயலாது.

காப்லனின் மற்றொரு பணி இதைவிடப் பரவலாக அறியப்பட்டது. 1940க்கும் 1946க்கும் இடையில் அவரும் பர்டன் என்பவரும் தங்க வயலில் 7,653 தொழிலாளரை ஆராய்ந்து, நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டோருக்குச் சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருப்பதைக் கண்டனர். சிலிக்கோசிஸ் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானதும் 1934இல் இதே வயலில்தான். பின்னாளில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபுக்குச் சென்ற காப்லன், முடக்குவாதம் கொண்ட நிலக்கரித் தொழிலாளரின் மார்புப் படங்களில் தனித்தன்மை வாய்ந்த கணுக்களை 1953இல் விவரித்தார். ‘காப்லன் நோய்த்தொகுதி’ என்று மருத்துவ மாணவர் இன்றும் மனப்பாடம் செய்யும் பெயர் அவருடையதே. அப்பெயருக்குப் பின்னால் கோலாரின் அனுபவமும் இருக்கிறது என்பது வகுப்பறைகளில் சொல்லப்படுவதில்லை.

ஆக, தங்க வயல் தொழிலாளியின் நுரையீரலுக்கும் வியர்வைக்கும் பதிவேடு இருந்தது. அவரது இரத்தச் சர்க்கரைக்கு ஏன் இல்லை?

விடையின் ஒரு பகுதி அக்கால மருத்துவ நம்பிக்கையில் உள்ளது. 1907இல் எக்ஸ்டர் நகரில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ‘வெப்பமண்டலத்தில் நீரிழிவு’ குறித்து ஒரு விவாதம் நடத்தியது. ஹேவ்லாக் சார்ல்ஸ், கல்கத்தாவின் கைலாஸ் சந்திர போஸ் போன்றோர் அதில் பங்குகொண்டனர். அன்று வரையப்பட்ட நோயாளியின் சித்திரம் நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும், நன்றாக உண்ணும், உடலுழைப்பற்ற நடுத்தர வர்க்க வங்காளியினுடையது. நீரிழிவு வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் உரிய நோயாகக் கற்பிக்கப்பட்டது. இந்தியாவில் நீரிழிவு, இனம், வர்க்கம் ஆகியவை பின்னிக்கொண்ட விதத்தை வரலாற்றாசிரியர் டேவிட் அர்னால்டு விரிவாக ஆராய்ந்துள்ளார். அந்தச் சித்திரத்தில் பாறை வெட்டுபவனுக்கு இடமில்லை. இது முழுப் பிழையும் அன்று. 1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய கணக்கெடுப்பில்கூட நகரங்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் ஊர்ப்புறங்களில் 1.5 விழுக்காட்டினருக்குமே நீரிழிவு காணப்பட்டது. கடும் உடலுழைப்பு ஒரு காப்பு. ஆனால் அந்தக் காப்பு உழைப்பு உள்ளவரைதான்.

பின்னர் நிலைமை தலைகீழானது. 2001இல் வெளியான சென்னை நகர ஆய்வொன்றில் நடுத்தர வருவாய்க் குடியிருப்பில் 12.4 விழுக்காடும் குறைந்த வருவாய்க் குடியிருப்பில் 6.5 விழுக்காடும் நீரிழிவு இருந்தது. 2017இல் வெளியான தேசிய ஆய்வின் முடிவுகளோ, செல்வச் செழிப்புள்ள சில மாநிலங்களின் நகர்ப்புறங்களில் வறியவர்களிடையே அந்நோய் வசதி படைத்தவர்களைவிட மிகுந்திருப்பதைக் காட்டின. 2023இன் மதிப்பீட்டில் நாடு முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்டோர், அதாவது வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினர், நீரிழிவு உடையோர். சுரங்கம் நீரிழிவைத் தந்தது என்பது இங்கு வாதமன்று. உழைப்பின் காப்பு நீங்கிய ஒரு தொழிலாளர் நகரம், நோய் வறியோர் பக்கம் சாயும் காலத்தில் முதுமை எய்துகிறது என்பதே செய்தி.

நெடுங்கால நீரிழிவு இந்த நரம்புகளுக்குச் செய்வது என்ன? மிகுந்த குளுக்கோஸ் நரம்புயிரணுவுக்குள் சார்பிட்டாலாக மாறித் தேங்குகிறது; புரதங்களோடு ஒட்டி அவற்றின் இயல்பைக் கெடுக்கிறது; ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தூண்டுகிறது. நரம்புக்கே உணவூட்டும் நுண்குழாய்களும் தடித்து அடைபடுகின்றன. எந்த நார் நீளமானதோ அது முதலில் வாடுகிறது. இடைகழியில் கடைசி விளக்கு முதலில் மங்குவதைப் போன்றது இது. அதனால்தான் பாதத்தின் வியர்வை முதலில் வற்றுகிறது. தோல் உலர்ந்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே கிருமி நுழைகிறது. உணர்வு நரம்பும் கெட்டிருப்பதால் புண் வலிப்பதில்லை. காலிழப்புக்கு இட்டுச்செல்லும் பாதையின் தொடக்கத்தில் இந்த உலர்ந்த குதிகால் இருக்கிறது.

வியர்வையின் கதை அத்துடன் முடிவதில்லை. கீழுடல் வற்றும்போது மேலுடல் அதை ஈடுசெய்ய முயன்று முகமும் மார்பும் அளவுக்கு மீறி வியர்க்கின்றன. உணவை வாயில் வைத்தவுடன் முகமும் கழுத்தும் வியர்த்துக் கொட்டுவது நீரிழிவு நரம்புச் சிதைவின் ஓர் அறிகுறி என்பதைப் பீட்டர் வாட்கின்ஸ் 1973இல் எடுத்துக்காட்டினார். காரக் குழம்பின் மேல் பழிபோட்டு இங்கே எளிதில் கடந்துபோகக்கூடிய அறிகுறி இது. சிதைவு முற்றினால் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலே குன்றிவிடுகிறது. 1940களில் வெப்ப உடலியங்கியலுக்கு அளவுகோலாக நின்ற அதே திறன்தான் இங்கே ஒசையின்றி இல்லாமற்போகிறது.

இதயத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. மூளைத்தண்டிலிருந்து வயிறுவரை நீளும் வேகஸ் நரம்பு இணைப்பரிவுப் பணியில் ஏறத்தாழ முக்கால் பங்கைச் சுமக்கிறது. நீளமானது ஆகையால் முன்னதாக நலிகிறது. அதன் கடிவாளம் தளர்ந்ததும் ஓய்விலும் இதயம் நிமிடத்துக்கு 90, 100 என ஓடுகிறது. பின்னர்ப் பரிவு நரம்புகளும் கெடும்போது இதயத்துடிப்பு எதற்கும் அசையாத ஒரே தாளத்தில் நின்றுவிடுகிறது. மாரடைப்பின் வலியைச் சுமக்கும் நார்களும் இவற்றோடு செல்பவை. எனவே வலியே இல்லாத மாரடைப்பு, வெறும் மூச்சிரைப்பாகவோ சோர்வாகவோ வந்துபோகிறது. இரைப்பை தாமதமாகக் காலியாவதால் உண்ட உணவும் போட்ட இன்சுலினும் ஒன்றையொன்று சந்திக்காமல் சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்குகிறது. சர்க்கரை தாழும்போது உடல் எழுப்பும் எச்சரிக்கைகளான நடுக்கம், படபடப்பு, வியர்வை ஆகியவையும் மங்குவதால் நோயாளி எச்சரிக்கையின்றி மயங்கி விழுகிறார். சிறுநீர்ப்பையின் செயலிழப்பும் ஆண்மைக்குறைவும் பலரால் வெளியே சொல்லப்படாதவை. இவற்றைக் கேட்காத மருத்துவரிடம் சொல்லாத நோயாளி என்னும் அமைதி ஒப்பந்தம் எல்லா ஊர்களிலும் உண்டு.

இந்தச் சிதைவை அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை என்பதே இதன் வரலாற்றில் வியப்பான பகுதி. எடின்பரோவில் டேவிட் எவிங், கிளார்க் ஆகியோர் 1970களில் படிப்படியாக வகுத்த ஐந்து படுக்கையோரச் சோதனைகள் உலகெங்கும் பரவின. நிமிடத்துக்கு ஆறு முறை ஆழ மூச்சிழுத்து விடும்போது இதயத்துடிப்பு 15 அல்லது அதற்கு மேல் வேறுபட வேண்டும். 10ஐத் தாண்டாவிட்டால் கோளாறு. 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை எதிர்த்து 15 நொடி ஊதியபின் துடிப்பு எவ்வாறு மீள்கிறது என்பது இரண்டாவது. படுக்கையிலிருந்து எழுந்தபின் 15ஆவது, 30ஆவது துடிப்புகளின் இடைவெளிகளை ஒப்பிடுவது மூன்றாவது. எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் எவ்வளவு சரிகிறது என்பதும், கைப்பிடியை இறுக்கும்போது எவ்வளவு உயர்கிறது என்பதும் எஞ்சிய இரண்டு. ஓர் இதய மின்வரைவி, ஓர் இரத்த அழுத்தமானி, அரை மணிநேரப் பொறுமை போதும்.

அதே குழு 1980இல் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகை உலுக்கியது. தானியங்கு நரம்புச் சிதைவின் அறிகுறிகள் கொண்ட 73 நீரிழிவு நோயாளிகளை அவர்கள் ஐந்தாண்டு வரை தொடர்ந்திருந்தனர். சோதனைகளில் பிறழ்வு காணப்பட்டவர்களில் 56 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குள் இறந்தனர். இறப்புகளில் பல சிறுநீரகச் செயலிழப்பால் நேர்ந்தவை, சில எதிர்பாராத திடீர் மரணங்கள். பிற்காலச் சிகிச்சையில் இவ்வளவு உயர்ந்த விகிதம் காணப்படவில்லை. எனினும் 15 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான பகுப்பாய்வு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சோதனைகளில் பிறழ்ந்தோரின் இறப்பு வாய்ப்பு பிறரைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. கண்டுபிடிப்பதால் பயன் உண்டா என்னும் ஐயத்துக்கும் அதே ஆண்டில் விடை கிடைத்தது. டென்மார்க்கில் 160 நோயாளிகளிடம் நடந்த ஸ்டெனோ ஆய்வில், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்தியபோது தானியங்கு நரம்புச் சிதைவு முற்றும் வாய்ப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது.

இந்த எடின்பரோ அளவுகோலை ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளியின் மீது வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். ஆழ மூச்சுச் சோதனைக்கு விரியும் நுரையீரல் வேண்டும். ஊதும் சோதனைக்கு 15 நொடி தாக்குப்பிடிக்கும் மார்பு வேண்டும். (இம்முறைக்குப் பெயர் தந்த வால்சால்வா 1704இல் இதைச் சொன்னது இதயத்துக்காக அன்று; செவியின் சீழை வெளியேற்றுவதற்காக.) சிலிக்காத் தூசியால் இறுகிய நுரையீரல் கொண்டவரிடம் துடிப்பு வேறுபடாததற்குக் காரணம் நரம்பா, மார்பா என்று பிரித்தறிவது கடினம். மறுபுறம், அத்தகையவர் மூச்சிரைப்போடு வந்தால் ‘தூசி நோய்’ என்ற பழைய பெயர் ஆயத்தமாக இருக்கிறது. வலியற்ற மாரடைப்பும் அதே மூச்சிரைப்பாகத்தான் வரும். 1940களில் அரும்பாடுபட்டுப் பதிவான ஒரு நோய், பதிவே இல்லாத மற்றொன்றைத் தன் நிழலில் மறைத்துவிடும் நிலை இது.

பெண்களின் நிலை இதனினும் மறைவானது. வெப்ப ஆய்வும் தூசிக் கணக்கெடுப்பும் சுரங்கத் தொழிலாளியை மையமாகக் கொண்டவை. லைன் வீடுகளில் அடுப்பெரித்த பெண்ணின் உடலைப் பற்றி அந்தப் பதிவேடுகளிலிருந்து அறியக்கூடியது மிகக் குறைவு. நீரிழிவோ ஆண், பெண் என்று பார்ப்பதில்லை.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதனோடு சுரங்க நிறுவனத்தின் மருத்துவமனையும் ஓய்ந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் பூட்டிக்கிடந்த அக்கட்டடம் 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஊர்த் தன்னார்வலர்களால் துப்புரவாக்கப்பட்டுச் சிகிச்சை மையமாகத் திறக்கப்பட்டது. சில வாரங்களில் ஒரு மருத்துவமனையை மீட்கும் ஆள்பலம் அந்த ஊரில் இருக்கிறது என்பதற்கு அது சான்று. மருத்துவ அறிவும் தொலைவில் இல்லை. கோலாரை அடுத்த தமகாவில் 1986 முதல் ஒரு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தானியங்கு நரம்புச் சோதனைகள் உடலியங்கியல் பாடத்தில் மாணவர்கள் பயில்பவையே. குறையாக இருப்பது தொழிலாளர் நகரம் ஒன்றின் முதியவர்களை வரிசையாக அமர்த்தி அளக்கும் ஒரு கணக்கெடுப்பு. 7,653 பேரை ஆறாண்டுகளில் ஆராய்ந்த ஊருக்கு இது புதிய செயலன்று.

மாரிகுப்பத்திலிருந்து விடியலுக்கு முன்னரே புறப்படும் ரயில்களில் இன்று ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குச் செல்கின்றனர். சுரங்கம் மூடியபின் பலருக்குக் கிடைத்த பணிகளுள் காவலாளி வேலையும் ஒன்று. நாள் முழுதும் நிற்கும் வேலை அது. எழுந்து நிற்கும்போது வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும் இரத்தத்தைக் குழாய்கள் சுருங்கி மேலே அனுப்ப வேண்டும். அந்தக் கட்டளையைக் கொண்டுசெல்லும் பரிவு நரம்பு கெட்டிருந்தால் கண் இருளும், கால் தள்ளாடும். இத்தடுமாற்றம் பெரும்பாலும் விடியற்காலையில் கடுமையாக இருக்கும். ‘பித்தக் கிறுகிறுப்பு’ என்று அதைச் சொல்லி எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு ரயில் ஏறுவது வழக்கம். அதைச் சோதிக்க நுரையீரலின் வலிமை தேவையில்லை, மின்வரைவியும் தேவையில்லை. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுமுறை இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 சரிந்திருந்தால் அந்த எண்ணைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு வேண்டும்.